இளவேனிலிற் கதவம் திறக்கும் திருக்கேதாரம்

தேவாரப் பாடல் பெற்ற வடநாட்டுத் தலங்கள் ஐந்தனுள் ஒன்று திருக்கேதாரம். இமயத்தில், மந்தாகினியாறு தோன்றும் பனிமலையின் அடியில், ஏறத்தாழ 11,750 அடி உயரத்தில் இத்தலம் விளங்குகின்றது. ஏனைய தலங்களில் வைகறைதோறும் திறக்கும் திருக்கதவம், இங்கு ஏறக்குறைய ஆறு திங்கள் அடைபட்டிருந்து, இளவேனிலிற் பனி இளகிய பின்னரே திறக்கப்பெறும்.

தீபாவளியை அடுத்த துவிதியை நாளிற் கோயிலை அடைத்து, ஐந்து திருமுகங்கள் கொண்ட உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, மலையடிவாரத்து ஊக்கிமடத்திற்குக் கொணர்வர். பனிக்காலப் பூசை அவ்வூர் ஓங்காரேசுவரர் திருக்கோயிலில் நிகழும். மகாசிவராத்திரியன்று பஞ்சாங்கம் நோக்கித் திறப்பு நாளைக் குறிப்பர். பெரும்பாலும் சித்திரையில் அமையும் அந்நாளுக்குமுன், மூர்த்தி குப்தகாசி, பாட்டா, கௌரிகுண்டம் ஆகிய இடங்களில் தங்கித் தங்கி மலையேறுவார். இளவேனிலில் அம்மலைக்குச் செல்லும் முதல் யாத்திரிகர் இறைவரே; அடியார் அவர்பின் செல்வோர். கௌரிகுண்டமே பாடல் பெற்ற அனேகதங்காவதம் எனக் கூறுவாரும் உளர்.

கருவறையில் உளியால் வடித்த இலிங்கம் இல்லை. முக்கோணமாய் எழுந்த இயற்கைப் பாறையே மூலவர். எருதுருக் கொண்டு பாண்டவர்க்கு மறைந்த பெருமானின் திமில் அது என்பது தலவரலாறு. தலைமைக் குருவாகிய ராவல், கன்னட நாட்டு வீரசைவ மரபினர். அவர் ஊக்கிமடத்தில் இருக்க, அவர்தம் சீடரே மலைமேற் பூசை புரிவர்.

தமிழ்நாட்டிற்கு இத்தலத்தொடு உள்ள உறவு வியப்பிற்குரியது. சம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தவாறே கேதாரத்தைப் பாடினர் என்பர் சேக்கிழார். கயிலை நோக்கிச் சென்ற அப்பரடிகளோ, உறுப்புக்கள் தேய்ந்தும் மீள மனமின்றி ஊர்ந்து சென்றார். பிற்காலத்து எளிய யாத்திரிகர் அப்பர் வழியினர்; சாலை வருமுன் அரித்துவாரத்திலிருந்தே அவர்கள் நடந்தனர்.

2013 சூன் 16, 17 ஆம் நாட்களிற் பெருமழை பெய்து, கோயிலுக்கு மேலுள்ள சோராபாரி ஏரி உடைந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், ராம்பாரா என்னும் வழித்தங்கல் அடையாளமின்றி அழிந்தது. உருண்டுவந்த பாறையொன்று கோயிலின் பின்புறம் நின்று வெள்ளத்தை இருபாலும் பிரித்தது. இறைவனே அப்பாறையாய் நின்று காத்தான் என்று அன்பர் போற்றுவர். மாண்டோரின் சுற்றத்தாரிடம் அதனைச் சொல்லுங்கால் குரலைத் தாழ்த்திச் சொல்லுதல் வேண்டும். ஆற்றின் தடத்தை நெருக்கி விடுதிகள் எழுந்தமை சேதத்தைப் பெருக்கியதும் மறைத்தற்கன்று. நின்றுபோன பூசை செப்டம்பர் 11 ஆம் நாள் மீண்டும் தொடங்கியது. மறுகரையில் புதுவழி அமைக்கப்பெற்று, 2014 இளவேனிலில் அடியார் மீண்டும் ஏறினர்.

2020 ஏப்பிரல் 29 ஆம் நாள், கொள்ளைநோயால் நாடு முழுதும் அடங்கிக் கிடந்தபோதும் குறித்த நாளிற் கதவம் திறந்தது. வழியிடைத் தங்கலின்றி ஊர்தியிற் கௌரிகுண்டம் வந்த மூர்த்தியை, அங்கிருந்து சிலரே பனியினூடு தோளிற் சுமந்து சென்றனர். யாத்திரிகர் ஒருவரும் இலர். அருச்சகரும் பணியாளருமாகச் சிலர் நிற்க, பூசை நிகழ்ந்தது.