தோம்பும் வேலியும்

சுற்றாடல் தினச் சித்திரப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் நன்றாகத் தெரியும். இரண்டு கைகள் ஏந்திய உலக உருண்டை, உச்சியில் ஒரு மரக்கன்று. சில பிள்ளைகள் உருண்டையை அழவும் வைத்திருப்பார்கள். வரைந்தது யாழ்ப்பாணத்துப் பிள்ளையா கொழும்புப் பிள்ளையா என்று கண்டுபிடிக்க முடியாது. அதில் பனை இல்லை, கிணறு இல்லை, வேலிக் கதியால் இல்லை.

அவற்றைத் தேடினால் போய்ச் சேருவது, போரைப் பற்றியவை என்று பெயர் வாங்கிய வரைதல்களிடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள இருவருடைய படைப்புகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ஒருவர் தா. சனாதனன், அங்கே கலை வரலாறு கற்பிப்பவர். மற்றவர் அங்கே சித்திரம் படித்த ஜஸ்மின் நிலானி ஜோசப், 1990இல் பிறந்து இடப்பெயர்வுக்குள் வளர்ந்தவர்.

சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' 2011இல் நூலாக வந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யார் காணி எவ்வளவு என்று எழுதி வைத்த பதிவேடு. சனாதனன் அந்தப் பெயரை எடுத்து, கணக்கைத் தலைகீழாக்கினார். வீடிழந்த 80 பேரிடம், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். வீட்டுக்காரரின் கோணல்மாணல் கோடு, அதையே அளவோடு நேராக்கிய கட்டட வரைபடம், அந்தக் கதை கேட்டுச் சனாதனன் வரைந்த படம் என ஒரே வீடு மூன்று தரம் வருகிறது. இரண்டாவதில் கோடு நேராகும்போது தயக்கம் காணாமல் போகிறது. எனக்குப் பிடித்தது முதலாவதுதான்.

யாழ்ப்பாணத்தில் வீடு என்று கேட்டால் நினைவு சுவரோடு நிற்காது, வளவுக்குள் இறங்கிவிடும். காரணம் தரையில் இருக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறுகூட மாரிக்கு மட்டுந்தான். சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைத்தண்ணீரே குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும். அதனால் கிணற்றை விட்டுவிட்டு வீட்டை நினைப்பது எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம்.

ஜஸ்மின் வரைவது வேலிகளை. வெள்ளைத் தாளில் மெல்லிய பேனாக்கோடு, நிறைய வெறுமை, பெரும்பாலும் மனிதர் இல்லை. தோம்பில் மேலேயிருந்து பார்க்கிறோம், அங்கே எல்லை ஒரு கோட்டோடு முடிந்துவிடும். ஜஸ்மின் ஒழுங்கையில் நின்று பார்க்கிறார். அதே கோடு ஓலையாய், மட்டையாய், கம்பியாய் ஆயிரம் கீறல்களாக விரிகிறது.

வேலி என்றால் என்ன என்பதை இளையவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ வரிந்து கட்டுவார்கள். கதியால் தளிர்க்கும். குழை வெட்டினால் ஆட்டுக்கு, மிஞ்சினால் தோட்டத்துக்குப் பசளை. உக்கிய பழைய ஓலையும் வீண்போவதில்லை, மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்குப் போய்வர ஒரு பொட்டு இருக்கும். இரவோடு இரவாகக் கதியாலை அரை அடி தள்ளி நட்டு, வழக்கு மன்றுவரை போன கதைகளும் உண்டு. ஆகவே பழைய வேலியைப் புனிதமாக்க வேண்டாம். ஆனாலும் அது உயிருள்ள எல்லை.

1990இலிருந்து வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயம் வந்தபின் எல்லை என்றால் முட்கம்பி. இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள் தகரம் அடித்தார்கள், காசு வந்ததும் மதில் கட்டினார்கள். தகரம் தளிர்க்காது, மதிலில் பொட்டு இல்லை. இந்த மாற்றத்தை ஜஸ்மினின் பேனா ஒரு வார்த்தை எழுதாமல் சொல்லிவிடுகிறது. எந்தப் பொருளால் அடைத்தார்கள் என்பதே கதை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஜஸ்மினின் கோடு அத்தனை நேர்த்தியானது. சில இடங்களில் முட்கம்பிகூடப் பின்னல் வேலைபோல அழகாகிவிடுகிறது. தோம்பின் கோணல் கோட்டில் அந்த ஆபத்து இல்லை. ஆட்களின் கதை வேண்டுமென்றால் நான் தோம்பைத்தான் எடுப்பேன். நிலத்துக்கு என்ன நடந்தது என்று அறிய, வேலியை.

சித்திர ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றாடல் தினத்தில், யூன் 5இல், உலக உருண்டையை விட்டுவிடுங்கள். வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது, வேலி எதனால் ஆனது என்று பார்த்து வந்து வரையச் சொல்லுங்கள். மதில்தான் இருக்கிறதென்றால், அதற்கு முன் அங்கே என்ன நின்றது என்று அம்மம்மாவிடம் கேட்டு வரட்டும்.