டி.என்.ஏ. ஏணியில் நுழைந்த மருந்து

சேலம், நாமக்கல் பக்கத்துச் செம்மண் காடுகளில் கோடை மழையின் முதல் தூறல் விழுந்ததும் எழும் மண்வாசனையை அறியாதார் இல்லை. அம்மணத்துக்குப் பெரிதும் காரணம் ஜியோஸ்மின் என்னும் பொருள். அதை உண்டாக்குபவை மண்ணில் வாழும் ஸ்டிரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்கள். காசநோய்க்குரிய ஸ்டிரெப்டோமைசின் முதலிய பல மருந்துகளை நமக்கு அளித்ததும் இக்குடும்பமே. அது தந்த இன்னொரு மருந்தின் வரலாற்றை இங்கே காண்போம்.

ஒதுக்கப்பட்ட மருந்து

1940-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் செல்மன் வாக்ஸ்மனும் பாய்ட் உட்ரஃபும் மண் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆக்டினோமைசினைப் பிரித்தெடுத்தனர். அது பாக்டீரியாக்களைக் கொன்றது. சோதனை விலங்குகளையும் கொன்றது. ஆகவே தொற்றுநோய்களுக்கு உதவாது என ஒதுக்கப்பட்டது. ஆயினும் 1950-களில் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் புற்றுக்கட்டிக்கு ஆக்டினோமைசின்-டி கொடுத்து நற்பயன் கண்டார். இம்மருந்து டி.என்.ஏ.வுடன் பிணைந்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கிறது என்பது 1960-களின் தொடக்கத்தில் தெரிந்தது. ஆனால் எவ்வாறு பிணைகிறது?

வெளியிலா, உள்ளேயா?

டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி. அதன் படிகளான கார இணைகள், அப்பளக் கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. அக்ரிடின் என்னும் தட்டையான சாய மூலக்கூறுகளைச் சேர்த்தால் டி.என்.ஏ. கரைசலின் பாகுநிலை உயர்கிறது. கட்டின் நடுவே இன்னோர் அப்பளத்தைச் செருகினால் கட்டு நீளும் அல்லவா? அதுபோலச் சாயம் படிகளுக்கு இடையே நுழைவதால் டி.என்.ஏ. நீள்கிறது என்று 1961-ல் லெர்மன் விளக்கினார்.

ஆக்டினோமைசினோ பெரிய மூலக்கூறு. தட்டையான வளையம் ஒன்றும், ஐந்தைந்து அமினோ அமிலங்களாலான இரு கண்ணிகளும் கொண்டது. இது ஏணியின் வெளிப்புறப் பள்ளத்தில் படிந்திருக்கிறது என 1963-ல் ஹாமில்டன், ஃபுல்லர், ரைக் ஆகியோர் கருதினர். கரைசலில் செய்த அளவீடுகளைக் கொண்டு, வளையம் உள்ளேயே நுழைகிறது என்றனர் முல்லரும் குரோதர்ஸும், 1968-ல்.

வழக்கைத் தீர்க்க எக்ஸ் கதிர் முன்வந்தது. ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹென்றி சோபெல் குழுவினர் ஆக்டினோமைசினையும் டிஆக்ஸிகுவானோசினையும் சேர்த்துப் படிகமாக்கினர். 1971-ல் வெளியான அவர்களது கட்டுரையில் ஜெயின், சகோரே என்னும் இந்தியப் பெயர்கள் இரண்டைக் காணலாம். படிகத்தில் வளையம் இரு குவானின்களுக்கு நடுவே இருந்தது. கண்ணிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் குவானின்களைப் பற்றியிருந்தன. வளையம் உள்ளே, கண்ணிகள் பள்ளத்தில்: ஆக, இரு தரப்பிலும் ஓரளவு உண்மை இருந்தது!

ஆனால் அப்படிகத்தில் இருந்தது டி.என்.ஏ.வின் தனி உறுப்பே, ஏணி அன்று. செயற்கை டி.என்.ஏ. துண்டுகளைப் படிகமாக்கும் கலை பின்னரே கைவந்தது. 1978-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் விஸ்வமித்ரா, கேம்பிரிட்ஜின் ஓல்கா கென்னார்டு முதலியோருடன் சேர்ந்து, நான்கு காரங்கள் கொண்ட ஒரு துண்டின் அமைப்பை அணு அணுவாகக் காட்டினார். ஆக்டினோமைசின் உண்மையான ஏணித்துண்டில் நுழைந்திருக்கும் காட்சியை கமிடோரியும் தகுசகாவாவும் 1992-ல் வெளியிட்டு, சோபெலின் கருத்தை உறுதிசெய்தனர்.

மருந்து டி.என்.ஏ.வை வெட்டுவதில்லை, வழியில் அமர்கிறது, அவ்வளவே. அந்த ஏணி பாக்டீரியாவுக்கும் நமக்கும் பொது. ஆகவேதான் அது தொற்றுநோய் மருந்தாகத் தோற்றது. விரைந்து பெருகும் புற்றணுக்களுக்கு ஊறு மிகுதி என்பதால், மருத்துவர் அளவறிந்து இன்றும் கொடுக்கிறார்.

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவால் என்ன பயன் என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.