மூக்கில் தொடங்கி மார்புக்கு இறங்கும் மகரந்த ஒவ்வாமை

2016 நவம்பர் 21 அன்று மாலை, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கடும் வெயிலுக்குப் பிறகு இடியுடன் புயல்காற்று வீசியது. அடுத்த 30 மணி நேரத்தில், மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட மூவாயிரத்துக்கும் அதிகமாகக் கூடியது. 10 பேர் உயிரிழந்தனர். காரணம், காற்றில் கலந்திருந்த புல் மகரந்தம்.

மகரந்த ஒவ்வாமை என்றால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அது நுரையீரலையும் தாக்கும் என்பதை இந்தச் சம்பவம் உலகுக்கு உணர்த்தியது.

மகரந்தம் நுரையீரலை அடைவது எப்படி?

புல்லின் மகரந்தத் துகள் 30 மைக்ரானுக்கும் பெரியது. எனவே பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஆனால் ஈரம் பட்டால் அது வெடிக்கும். ஒரு ரை புல் மகரந்தத்துக்குள் ஏறத்தாழ 700 மாவுச்சத்துத் துகள்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 3 மைக்ரானுக்கும் சிறியது. நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வரை எளிதாக இறங்கிவிடும். மெல்பர்னில் நடந்தது இதுதான்.

புயல் இல்லாத நாட்களிலும் பாதிப்பு உண்டு. மூக்கும் நுரையீரலும் ஒரே சுவாசப் பாதையின் இரு முனைகள். மூக்கில் ஏற்படும் அழற்சியின் வேதிப்பொருட்கள் இரத்தத்தின் வழியாக மூச்சுக்குழாயையும் தூண்டுகின்றன. மூக்கு அடைத்தவர் வாயால் சுவாசிப்பதால், வடிகட்டப்படாத, உலர்ந்த காற்று நேராக மார்புக்குச் செல்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒவ்வாமை உள்ளவரின் உடலில் மகரந்தத்துக்கு எதிரான ஐஜிஇ எனும் எதிர்ப்பொருள் ஏற்கனவே உருவாகியிருக்கும். மகரந்தப் புரதம் அதனுடன் இணைந்ததும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை வெளியிடுகின்றன. சில நிமிடங்களில் மூச்சுக்குழாய்த் தசைகள் இறுகுகின்றன. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வருகிறது: உட்சுவர் வீங்கி, சளி பெருகி, பாதை குறுகுகிறது. பகலில் வெளியே சென்று வந்தவருக்கு இரவில் இருமலும் இளைப்பும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாருக்கு ஆபத்து?

மெல்பர்னில் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மகரந்தப் பருவத்தில் மூக்கு ஒவ்வாமை இருந்தது. ஆனால் பலருக்கு ஆஸ்துமா இருப்பதாக எந்த மருத்துவரும் அதுவரை சொன்னதில்லை. இந்திய, ஆசிய வம்சாவளியினரின் பங்கும் அதிகமாக இருந்தது. வெளிநாட்டில் குடியேறிய நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊரில் எந்த ஒவ்வாமையும் இல்லாதவருக்கும், புதிய நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்த பிறகு அங்குள்ள மகரந்தத்துக்கு ஒவ்வாமை உருவாகலாம்.

பருவந்தோறும் திரும்பி வரும் வறட்டு இருமல், மார்பில் இறுக்கம், மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம், படியேறும்போது இளைப்பு ஆகியவை சளித்தொல்லை என்று ஒதுக்கக் கூடாதவை.

செய்ய வேண்டியவை

அலர்ஜி மாத்திரை தும்மலையும் அரிப்பையும் குறைக்கும். ஆஸ்துமாவுக்கு அது மருந்தாகாது. மார்பு அறிகுறிகள் இருந்தால் மருத்துவரிடம் மூச்சுத்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அழற்சியைத் தணிப்பது ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர். உடனடி நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பதை ஜீனா எனும் சர்வதேச ஆஸ்துமா அமைப்பு 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. தடுப்பு மருந்தை மருத்துவர் சொன்னபடி தவறாமல் எடுக்க வேண்டும். சற்றுக் குணமானதும் நாமாக நிறுத்திவிடக் கூடாது.

மகரந்தம் அதிகமுள்ள நாட்களில் ஜன்னல்களை மூடி வையுங்கள். வெளியே சென்று வந்ததும் குளித்து உடை மாற்றுங்கள். புல் மகரந்தப் பருவத்தில் இடி மின்னல் எச்சரிக்கை வந்தால், மழைக்கு முன் வீசும் காற்றில் நிற்காமல் உள்ளே சென்றுவிடுங்கள்.

முழு வாக்கியம் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, இன்ஹேலருக்குப் பிறகும் திணறல் குறையாவிட்டாலோ தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, நிவாரண இன்ஹேலரைத் தொடர்ந்து கொடுங்கள்.