இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் டீசல் கார்கள்

இண்டியானாபொலிஸ் 500 என்பது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1911 முதல் நடைபெற்று வரும் கார் பந்தயம் ஆகும். இரண்டரை மைல் நீளமுள்ள ஓடுபாதையை 200 முறை சுற்றி, 500 மைல் (சுமார் 805 கி.மீ.) தூரத்தைக் கடக்க வேண்டும். லாரி எஞ்சின் தயாரிக்கும் கம்மின்ஸ் நிறுவனம் 1931, 1934, 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் இதில் டீசல் கார்களை ஓட்டியது.

பின்னணி

கிளெஸ்ஸி கம்மின்ஸ் (1888–1968) இண்டியானாவின் கொலம்பஸ் நகரில், வங்கியாளர் வில்லியம் இர்வினிடம் கார் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தவர். இர்வினின் முதலீட்டில் 1919இல் எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கினார். நிறுவனம் பல ஆண்டுகள் நட்டத்திலேயே ஓடியது. டீசல் எஞ்சின் கனமானது, மெதுவானது, படகுக்கும் ஆலைக்கும் மட்டுமே ஏற்றது என்பதே அன்றைய பொதுக் கருத்து.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியால் எரிபொருள் பற்றுகிறது. டீசல் எஞ்சினில் காற்று மட்டும் பலமாக அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே தீப்பற்றுகிறது. அதிக அழுத்தம் காரணமாக அதே வேலைக்குக் குறைந்த எரிபொருளே போதும். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கக் கனமான உலோகம் தேவை. இந்தச் சிக்கனத்தை மக்கள் கண்முன் காட்ட கம்மின்ஸ் பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தார்.

1931: நிற்காத ஓட்டம்

1931 பிப்ரவரியில் புளோரிடாவின் டேடோனா கடற்கரையில் கம்மின்ஸின் டீசல் கார் மணிக்கு 100.755 மைல் வேகத்தை எட்டியது. அவ்வாண்டு மே 30 அன்று டேவ் எவன்ஸ் ஓட்டிய கார் இண்டியானாபொலிஸில் 13ஆம் இடம் பெற்றது. அதன் சராசரி வேகம் மணிக்கு சுமார் 86 மைல், வெற்றி பெற்ற லூயிஸ் ஷ்னைடரின் சராசரி 96.6 மைல். ஆனாலும் எரிபொருளுக்கோ டயருக்கோ ஒருமுறைகூட நிற்காமல் 500 மைலையும் முடித்த முதல் கார் இதுவே. நெடுந்தூரம் சரக்கு ஏற்றும் லாரி உரிமையாளருக்கு வேகத்தைவிட இந்தச் செய்தியே முக்கியமானது.

1934, 1950

1934இல் இரண்டு கார்கள் ஓடின. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்திய கார் 12ஆம் இடம் பெற்றது. ஃபோர் ஸ்ட்ரோக் கார் இடையில் விலகியது. முடித்தது டூ ஸ்ட்ரோக் என்றாலும், நிறுவனம் ஃபோர் ஸ்ட்ரோக் வழியிலேயே தொடர்ந்தது. 1937இல்தான் நிறுவனம் முதல் இலாபத்தைக் கண்டது. 1950இல் ஜிம்மி ஜாக்சன் ஓட்டிய கார் பழுதாகி இடையில் விலகியது.

1952: முதல் வரிசையும் முடிவும்

1952ஆம் ஆண்டுக் காரில் 6.6 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. லாரி எஞ்சினை அடிப்படையாகக் கொண்ட அது பக்கவாட்டில் படுக்க வைத்துப் பொருத்தப்பட்டதால் கார் மிகத் தாழ்வாக அமைந்தது. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் தள்ளும் டர்போசார்ஜரும் இருந்தது. தகுதிச் சுற்றில் ஃபிரெட் அகபாஷியன் மணிக்கு 138.010 மைல் சராசரியில் ஓட்டி, தொடக்க வரிசையின் முதலிடத்தைப் பிடித்தார். டீசல் கார் ஒன்று அந்த இடத்தைப் பெற்றது அதுவே முதல்முறை.

பந்தயத்தில் 71 சுற்றுகளுக்குப் பின் கார் நின்றது. டர்போசார்ஜருக்குக் காற்று செல்லும் வழி காரின் முன்புறம் தாழ்வாக இருந்தது. பாதையில் சிதறிய டயர் ரப்பர் துகள்கள் அதில் போய் அடைத்துக்கொண்டன. கார் 27ஆம் இடத்தில் பதிவானது.

முக்கியத்துவம்

டர்போசார்ஜர் இன்று லாரி, டிராக்டர் எஞ்சின்களில் பரவலாக உள்ளது. உழவு நிலத் தூசியில் ஓடும் டிராக்டரின் ஏர் ஃபில்டரை அடிக்கடி சுத்தம் செய்யச் சொல்வதன் காரணமும் 1952இல் நேர்ந்ததோடு ஒத்ததே: காற்று வழி அடைபட்டால் எவ்வளவு வலுவான டீசல் எஞ்சினும் திணறிப்போகும்.