மக்கள் தேர்ந்தெடுத்த நகர மன்றத்தினர்: நாம் மறந்துவிட்ட ஒரு வரலாறு



நம் குடியிருப்பில் கால்வாய் அடைத்துக்கொண்டால், தெருவிளக்கு எரியாவிட்டால் நாம் நகராண்மைக் கழகத்தைக் குறை கூறுகிறோம். ஆயினும் அக்கழகத்தின் உறுப்பினர் யார், அவரை அங்கே அமர்த்தியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். பெற்றோர் சிலர் என்னிடம், "நாம்தானே டீச்சர் ஓட்டுப் போட்டோம்?" என்றே கேட்டிருக்கின்றனர். இல்லை. 1960களுக்குப் பின்னர் இந்நாட்டில் எவரும் நகராண்மைக் கழக உறுப்பினருக்கு வாக்களித்ததில்லை. அதற்கு முன்னர் வாக்களித்தார்கள் என்பதையே இன்று பலர் அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சிங்கப்பூர், பினாங்கு ஆகிய நகரங்களை நிருவகிக்க நகராண்மை ஆணையர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். வரி கட்டும் வசதி படைத்தோருக்கே வாக்கு என்பதால், அன்றைய தேர்தலைக் குடியாட்சி எனக் கொண்டாட இயலாது. அந்தக் குறுகிய உரிமையும் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன் பின்னர் ஆணையர்கள் அனைவரும் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்களே.

போருக்குப் பிறகு நிலைமை மாறியது. 1951 டிசம்பர் முதல் நாளன்று ஜார்ஜ்டவுன் நகரில் தேர்தல் நடைபெற்றது. மலாயாவில் போருக்குப் பின் நடந்த முதல் நகராண்மைத் தேர்தல் அதுவே. மொத்தம் 15 இடங்கள்; அவற்றுள் 9 இடங்களுக்கு மட்டுமே வாக்கெடுப்பு. மருத்துவர் லிம் சோங் இயூவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ரேடிக்கல் கட்சி அவற்றுள் ஆறு இடங்களை வென்றது. பின்னாளில் பினாங்கு முதலமைச்சராக இருபதாண்டுகளுக்கு மேல் விளங்கியவர் இவர்தாம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரில் 12 இடங்களுக்கு நடந்த தேர்தலில் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து 9 இடங்களைப் பெற்றன. நாட்டின் விடுதலையைப் பெற்றுத் தந்த கூட்டணிக்கு இந்த நகராண்மைத் தேர்தலே வித்து! வரலாற்றுப் பாடம் நடத்தும்போது இதனை ஒரு வரியில் கடந்துவிடாமல் சற்று நின்று விளக்குவது நன்று.

ஜார்ஜ்டவுன் 1956இல் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட முதல் நகராண்மைக் கழகமாயிற்று. 1957 ஜனவரி முதல் நாள் மாநகரத் தகுதியும் கிட்டியது. அதன் முதல் மேயர் யார் தெரியுமா? டி. எஸ். இராமநாதன். தொழிற்கட்சியைச் சேர்ந்தவர், ஆசிரியர், தொழிற்சங்கவாதி. சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. அங்கே ஒரு தமிழ் ஆசிரியர் மேயர் அங்கியை அணிந்தார். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மன்ற உறுப்பினர்களே தம்முள் ஒருவரைத் தேர்ந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவரை உயர்த்தியது இன வாக்கு அன்று, கட்சியும் கொள்கையும். அவர் 1961 வரை அப்பொறுப்பில் இருந்தார். அம்மன்றத்தின் பொறுப்பும் சிறிதன்று. குப்பையும் கால்வாயும் மட்டுமல்லாமல் நகரின் மின்சாரம், குடிநீர், பேருந்து ஆகியனவும் அதன் கையில் இருந்தன.

ஈப்போவில் வேறொரு வகை மனிதர்களைக் காண்கிறோம். சீனிவாசகம் உடன்பிறப்புகளான டி. ஆரும் எஸ். பியும் வழக்கறிஞர்கள். அவர்கள் வழிநடத்திய மக்கள் முற்போக்குக் கட்சி 1950களின் இறுதியில் ஈப்போ நகர மன்றத்தைக் கைப்பற்றியது. ஆசிரியர், வழக்கறிஞர், மருத்துவர், தொழிற்சங்கவாதி என்று அக்கால மன்றத்தினரின் பின்னணியைப் பார்த்தால் ஒன்று புலப்படும்: ஆங்கிலக் கல்வி பெற்ற நகரத்தாரே மேலோங்கியிருந்தனர். தோட்டத்துத் தமிழர்கள் இந்தக் கதையில் ஏறக்குறைய இல்லை. தோட்டம் தனியார் நிலம். அங்கே சாலையும் விளக்கும் நிருவாகத்தின் கொடை. வாக்குப் பெட்டிக்கு அங்கே வேலையில்லை. பழைய மன்றங்களைப் பொற்காலமாகப் புகழ்வோர் இதனை மறக்கலாகாது.

இத்தேர்தல்கள் ஏன் நின்றன? இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் அரசு அவற்றை நிறுத்தி வைத்தது என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அது முழு விடையன்று. தலைநகர் கோலாலம்பூர் 1961இலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தை இழந்து, நியமன ஆணையர் ஒருவரின் கீழ் சென்றுவிட்டது. அப்போது மோதல் தொடங்கவேயில்லை. ஜார்ஜ்டவுன், ஈப்போ போன்ற பெரிய நகரங்கள் எதிர்க்கட்சிகளின் கையில் இருந்தன என்பதையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். மறுபுறம், சில மன்றங்களில் முறைகேடு, கணக்குக் குளறுபடி ஆகிய குற்றச்சாட்டுகளும் எழுந்தன. பினாங்கு மாநகர் மன்றத்தின் அதிகாரத்தை 1966இல் மாநில அரசே எடுத்துக்கொண்டது.

இந்நிலையில்தான் இன்னொரு தமிழர் நம் கவனத்திற்கு வருகிறார். ஊராட்சி மன்றங்களை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்தின் தலைவர், செனட்டர் ஆதி நாகப்பன், வழக்கறிஞர். இவர்தம் துணைவியார் ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றியவர். 1968இல் நிறைவுற்று 1971இல் வெளியிடப்பட்ட அவ்வறிக்கை குறைகளை மறைக்கவில்லை. ஆயினும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த ஒருவர் தலைமையில் எழுந்த முடிவு அது என்பதால் எனக்கு அவர்மீது தனி மதிப்பு உண்டு. அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலை அறவே நீக்கியது.

அச்சட்டத்தின்படி ஒரு மன்றத்தில் தலைவர் நீங்கலாக 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். மாநில அரசே அவர்களை நியமிக்கும். ஒரு தவணை மூன்றாண்டுக்கு மிகாது. பெரும்பாலோர் அவ்வட்டாரத்தில் வசிப்பவராகவும், ஊராட்சி அனுபவமோ தொழில், வணிகத் துறைகளில் சிறப்போ உடையவராகவும், அல்லது தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கும் தகுதி உடையவராகவும் இருத்தல் வேண்டும். எழுத்தில் குறையில்லை. நடைமுறையிலோ பெரும்பாலும் ஆளுங்கட்சிகளே இடங்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன.

"தேர்தல் வந்தால் நம்மவர் ஒருவரும் வெல்ல மாட்டார், நியமனம் இருப்பதால்தான் ஓர் இந்தியராவது உள்ளே இருக்கிறார்" என்று நம் சமூகத்தில் ஒரு கருத்து உண்டு. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. எண்ணிக்கையில் நாம் சிறியோர். ஆனால் நியமிக்கப்பட்டவர் கணக்குச் சொல்ல வேண்டியது தம்மை நியமித்தவருக்கு. மதிப்பீட்டு வரி செலுத்தும் நமக்கன்று. இராமநாதன் காலத்துப் பினாங்கு, அந்த அச்சம் எப்போதும் மெய்யாவதில்லை என்பதற்குச் சான்று.

பினாங்கு அரசு 2012இல் ஊராட்சித் தேர்தலை மீட்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருப்பதால் மாநிலத்திற்கு அவ்வதிகாரமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. முதல் மேயர் இராமநாதனின் பெயரை இன்று அந்நகரில் ஒரு சாலை தாங்கி நிற்கிறது, ஈப்போவில் டி. ஆர். சீனிவாசகத்தின் பெயரில் ஒரு பூங்கா உண்டு. விடுமுறையில் அப்பக்கம் செல்லும் பெற்றோர், பிள்ளைகளை அப்பெயர்ப் பலகைகளின் முன் சற்று நிறுத்தி, இவர்கள் யார் என்று சொல்லிக் கொடுங்கள்.