திரும்பி வந்தவர்கள் பார்த்த புது நாடு

‘தாயகம் திரும்பியோர்’ என்பது அரசாங்கம் வைத்த பெயர். 1964-லிருந்து ரங்கூனைவிட்டுக் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழர்களைக் கோப்புகள் இப்படித்தான் குறித்தன. ‘திரும்பியோர்’ என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். என் ஆயா பர்மாவில் பிறந்தவள். அவளுடைய அம்மாவும் அங்கேயே பிறந்தவள். “ஒரு தடவகூடப் பாக்காத ஊருக்கு எப்படிப்பா திரும்புறது? போறதுதானே அது?” என்பாள்.

இன்றைக்கு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு குறைந்த காசில் புது நாடு பார்க்கக் கிளம்புகிறோம். எவ்வளவு செலவழிப்பது என்பதை நாமே முடிவுசெய்கிறோம். காசு தீர்ந்தால் வீடு இருக்கிறது. எண்ணூர், வியாசர்பாடிப் பக்கம் குடியேறிய ஒரு தலைமுறைக்கு இந்த இரண்டுமே வாய்க்கவில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். தஞ்சாவூர்க்காரர் ரங்கூனுக்குப் போனது அரசாங்கக் கணக்கில் வெளிநாட்டுப் பயணமே அல்ல. வட்டித் தொழிலுக்குச் செட்டியார்கள் போனார்கள். வயலுக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கூலிகள் போனார்கள். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1942-இல் ஜப்பான் படையெடுத்தபோது லட்சக்கணக்கானோர் காடும் மலையும் தாண்டி நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். நடக்க முடியாதவர்களும் நடக்க விரும்பாதவர்களும் அங்கேயே தங்கினார்கள். ஆயாவின் குடும்பம் அப்படித் தங்கியதுதான்.

1962 மார்ச் 2 அன்று தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-இல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகள் போயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பெட்டியில் சேர்த்துவைத்த பணம் ஒரே நாளில் வெறும் காகிதம். கடையும் இல்லை, காசும் இல்லை என்றான பிறகுதான் ஜனம் கப்பலுக்கு வரிசையில் நின்றது. கிளம்பும்போதும் பணத்துக்கும் நகைக்கும் கடும் கட்டுப்பாடு. சுங்கச் சோதனையில் மூக்குத்தியைக்கூட உற்றுப் பார்த்தார்களாம்.

ரங்கூனிலிருந்து வருபவனைச் சென்னை எப்படி வரவேற்கும் என்று நம் சினிமா முன்பே காட்டிவிட்டது. 1952-இல் வந்த ‘பராசக்தி’யின் குணசேகரன், போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து வந்து சென்னையில் இறங்கியதுமே உடைமைகளைப் பறிகொடுப்பான். 1964-இல் வந்தவர்களிடம் பறிகொடுக்க எதுவும் மிச்சமில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆயா சொன்ன முதல் பதிவுகளில் பீச்சும் இல்லை, கோயிலும் இல்லை. முதலாவது, அரிசிக்கு நின்ற கியூ. அரிசிக்குப் பேர்போன நாட்டிலிருந்து வந்தவர்கள், உணவுப் பஞ்சம் தலைதூக்கியிருந்த மெட்ராஸில் இறங்கினார்கள். “அங்க அரிசியக் கொட்டித் தள்ளுவோம். இங்க எண்ணித் தந்தாங்க” என்பாள். இரண்டாவது, பேச்சு. தமிழ் தெரியும், ஆனால் கோபம் வந்தால் வாயில் வருவது பர்மியம்தான். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி வெடித்தபோது, வந்து சில மாதங்களே ஆன அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கேயிருந்தும் துரத்துகிறார்கள் என்று நினைத்தாளாம்.

எல்லோருக்கும் இந்தப் புது நாடு ஒத்துக்கொள்ளவில்லை. சிலர் மணிப்பூர் வழியாக பர்மாவுக்கே திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்ற ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அங்கே இன்றும் ஒரு தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன. ‘திரும்புதல்’ என்ற சொல்லை அதன் சரியான பொருளில் செய்து பார்த்தவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

மற்றவர்கள் வடசென்னையில் காலூன்றினார்கள். அசோக் லேலண்ட், என்ஃபீல்டு என்று திருவொற்றியூர்–எண்ணூர் சாலை தொழிற்சாலைகளாக நிறைந்துகொண்டிருந்த காலம் அது. 1970-இல் அனல்மின் நிலையமும் வந்தது. ஆனால் நிரந்தர வேலைக்கு ஆள் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். வந்தவர்களுக்கு யாரைத் தெரியும்? அதனால் பலர் தெருவுக்கு வந்தார்கள். 1969-இல் பீச் ஸ்டேஷன் எதிரே, துறைமுகத்தை ஒட்டி பர்மா பஜார் உருவானது. பிற்பாடு சென்னைக்கே வெளிநாட்டு ரேடியோவையும் சென்ட்டையும் காட்டிய கடைவீதி, இறங்கிய இடத்தைவிட்டு அதிகதூரம் போக முடியாதவர்கள் போட்டது.

அத்தோவும் அப்படித்தான். நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையால் பிசைந்து, கூடவே வாழைத்தண்டு சூப். கையால் பிசைந்து கலப்பதற்கான பர்மியச் சொல்தான் இங்கே அத்தோ ஆனது. இதை நாம் இப்போது ‘வடசென்னை உணவு’ என்று படம்பிடித்துப் போடுகிறோம். பெரிய மூலதனம் கேட்காத தொழில் என்பதால்தான் தள்ளுவண்டியில் அது பிறந்தது என்பது படத்தில் தெரியாது.

ரங்கூனில் இவர்களைக் ‘கலா’ என்று கூப்பிட்டார்கள். இந்தியாக்காரன் என்று அர்த்தம், கொஞ்சம் ஏளனமும் உண்டு. இங்கே வந்ததும் ‘பர்மாக்காரங்க’ ஆனார்கள். எண்ணூரில் அவர்கள் வாழும் இடத்துக்குப் பெயரே பர்மா நகர். எந்த நாட்டில் இருந்தாலும் மற்ற நாட்டின் பெயரால்தான் அழைக்கப்பட்டார்கள். இவர்களுக்குத் தாயகம் எது என்று கேட்டால், என்னிடம் இருக்கும் ஒரே பதில் அந்த பர்மா நகர்தான். யாரும் தராத ஊரைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.