மணிபல்லவத்தில் மணிமேகலை: தனிமையும் பிறப்பிழிவும்

மணிமேகலையின் தனிமை என்றதும் சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தின் எட்டாங் காதையே முதலில் நினைவுக்கு வரும். மணிமேகலா தெய்வம் உறக்கத்திலேயே தூக்கிவந்து மணிபல்லவத்தில் விட்டுச் செல்கிறது. விழித்தவள் தோழி சுதமதியைத் தேடுகிறாள். மதுரையில் வெட்டுண்டு மாண்ட தந்தையை நினைத்துக் கதறுகிறாள். ஆனால் அவள் தனிமை அந்த மணற்கரையில் பிறந்ததன்று. அவள் ஊரான புகாரின் கூட்டத்தில் அது ஏற்கெனவே முற்றியிருந்தது. ஆளற்ற தீவில்தான் அதற்கு ஒரு மாற்றுக் கிடைத்தது என்பதே என் வாதம்.

இந்திரவிழாவில் தாய் மாதவியும் மகள் மணிமேகலையும் ஆட வராததை ஊர் அலர் தூற்றுகிறது. பூப்பறிக்கப் போகும் மணிமேகலையைச் சூழ்ந்துகொண்டு, இவளைத் துறவில் தள்ளிய தாய் கொடியவள் என்கிறது. பரிவாகத் தோன்றும் இப்பேச்சுக்குள் அவள் உடல் ஊருக்கு உரியது என்ற உரிமைக் குரல் ஒளிந்திருக்கிறது. சோழ இளவரசன் உதயகுமரன் அதை வெளிப்படையாகவே சொல்கிறான். அவன் போனபின் பளிக்கறை திறந்து அவள் சுதமதியிடம் சொல்வதே காப்பியத்தின் மிக வலிக்கும் இடம்: கற்பில்லாதவள், வருணக் காவல் இல்லாதவள், விலைக்குரியவள் என்று தன்னை இகழ்ந்தவன் பின்னாலேயே தன் நெஞ்சு போயிற்று என்கிறாள். இழித்தவனை விரும்பும் நெஞ்சைத் தோழியிடம் ஒப்புக்கொள்ள நேர்வதைவிடப் பெரிய தனிமை எது?

மணிபல்லவம் யாழ்ப்பாணத்தின் நயினாதீவே என்பது மரபு. குடாநாடு முழுவதையும் அப்படிக் கொள்வோரும் உண்டு. மகாவம்சத்தின் நாகதீபக் கதையும் மணிமேகலையின் பீடிகைக் கதையும் ஒன்றே: இரு நாக அரசர் பீடிகை என்னும் ஓர் இருக்கைக்காகப் பொருத, புத்தர் வந்து அமைதி செய்கிறார். அப்பீடிகையைத் தொழுதே மணிமேகலை முற்பிறப்பை உணர்கிறாள். பீடிகையைக் காக்கும் தீவதிலகை எதிர்ப்பட்டு, கலம் கவிழ்ந்து கரையேறிய பெண்ணைப் போல வந்த நீ யார் என்று கேட்கிறாள். எந்தப் பிறவியில் யார் என்கிறாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். பிறகு, போன பிறவியில் இராகுலன் மனைவி இலக்குமி, இப்பிறவியில் ஆடல்மகள் மாதவி பெற்ற மணிமேகலை என்கிறாள். புகாரில் வசையாக ஒலித்த தாயின் தொழில் இங்கே நாணமின்றி வாயில் வருகிறது. பிறவிகள் பலவானால் ஒரு பிறப்பை வைத்து ஒருத்தியை அளப்பது எங்ஙனம்?

கலம் கவிழ்தல் இத்தீவுக்கடலில் வெறும் உவமையன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள, முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஊர்காவற்றுறைக்கு வரும் அயல்நாட்டாரான பரதேசிகளுக்குக் காவல் சொல்கிறது. ஆனை, குதிரை கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலிலொரு பங்கும், வாணிகச் சரக்குக் கலமானால் பாதியும் அரசுக்கு, எஞ்சியது உடையவர்க்கு. காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு பிந்திய ஆணைதான். ஆயினும் கரையொதுங்கிய அந்நியருக்கும் உரிமையுண்டு என்ற நினைப்பு இந்தத் துறைகளுக்குப் புதிதன்று.

ஒரு மறுப்புக்கு விடை கூறியாக வேண்டும். உதயகுமரனே முற்பிறப்பில் இராகுலன் என்கிறது காப்பியம். அப்படியானால் கணிகை மகளின் ஆசையை மனைவியின் ஆசையாக்கிய பிறகே சாத்தனார் அவளை ஏற்கிறார் அல்லவா? ஆம், அந்தத் தயக்கம் நூலில் இருக்கிறது. மாதவியும் முன்பே மகளை, அவள் தந்தையின் மனைவியான பத்தினி கண்ணகியின் மகளென்று சொல்லித்தான் காக்கப் பார்த்தாள். ஆனால் தீவதிலகைக்குச் சொன்ன விடையில் இலக்குமி மாதவி மகளை மறைக்கவில்லை. இரண்டு பெயரும் அருகருகே நிற்கின்றன. வற்றாது உணவு தரும் பாத்திரமான அமுதசுரபி கைக்கு வருவது அதன் பின்னரே.

திரும்பிய பின் நகரம் மாறிவிடவில்லை. உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். பின்னர் அரண்மனையில் அரசி ஏவிய இளைஞன் நெருங்குகையில் ஆணுருக் கொள்கிறாள். பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டவளுக்குச் சொந்த உடலோடு நடமாடப் பாதுகாப்பில்லை. வஞ்சியிலும் இதுவே தொடர்கிறது. இளம்பெண்ணுக்கு எந்தச் சமயவாதியும் பொருள் உரையான், வேற்றுரு எடுத்துக்கொள் என்று அவளுக்கு அங்கே அறிவுரை கிடைக்கிறது. சொல்பவள் வேறு யாருமல்லள். எவள் பெயரால் மாதவி அவளைக் காக்க முயன்றாளோ, இப்போது தெய்வமாகிவிட்ட அந்தக் கண்ணகி. மணிமேகலை மாதவனின், அதாவது பெருந்தவசியின், வடிவில் சமயவாதிகளிடம் போகிறாள்.